ஏரி வடித்த நீர்: பெங்களூரைச் சூழ்ந்த சிற்றூர்களின் குடிநீர் வரலாறு

பெங்களூரு ஆற்றங்கரையில் எழுந்த ஊர் அன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், வடக்குத் தெற்காக நீளும் ஒரு மேட்டின் முதுகில் அது அமர்ந்திருப்பதால், அங்கு பெய்யும் மழை நில்லாமல் இருபுறமும் இறங்கிவிடுகிறது. மேற்கே விழும் நீர் விருஷபாவதி என்னும் சிற்றாற்றின் வழியாக அர்க்காவதியில் கலந்து காவிரியைச் சேர்கிறது. கிழக்கே விழும் நீர், கன்னடத்தில் தட்சிண பினாகினி என்றும் தமிழில் தென்பெண்ணை என்றும் வழங்கும் ஆற்றில் கலந்து, ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டிற்குள் நுழைந்து, கடலூர்க் கரையில் கடலடைகிறது. தென்பெண்ணை, அர்க்காவதி, பாலாறு ஆகிய மூன்றும் நந்திமலைத் தொடரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பிறப்பவை. மூன்றும் மழைக்காலத்தில் மட்டுமே நீர் காண்பவை. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத இந்த மேட்டு நிலத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் குடியிருந்து பயிர் செய்தார்கள் என்றால், அதற்கு ஓடும் நீரை ஊருக்கு ஊர் மறித்துக் கட்டிய ஏரிகளே காரணம்.

இந்த ஏரிகளைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் பாசனத்தையே பேசுகின்றன. எத்தனை ஏக்கர் பாய்ந்தது, எவ்வளவு வரி வந்தது என்பன அரசுக்கு வேண்டிய செய்திகளாதலால் ஆவணங்களில் அவை நிற்கின்றன; ஊரார் எந்த நீரைக் குடித்தார்கள் என்பது வரி தரும் செய்தி அன்றாதலால் எழுதப்படாமலே போயிற்று. ஆயினும் கிராமங்களின் அமைப்பையும் நிலத்தின் தன்மையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். சிற்றூர்களின் குடிநீர் ஏரியிலிருந்து நேரே முகக்கப்பட்டது குறைவு. ஏரி மண்ணுக்குள் இறக்கி, மண் வடித்து, கரைக்கு அப்பால் கிணற்றிலோ ஊற்றிலோ ஊறவிட்ட நீரே பெரும்பாலும் குடிக்கப்பட்டது. இன்று இயற்கைசார் தீர்வுகள் என்ற பெயரில், அதாவது இரும்பும் சிமெண்டும் செய்யும் வேலையை மண்ணையும் செடியையும் கொண்டு செய்யும் முறைகள் என்ற பெயரில், திட்ட அறிக்கைகள் பரிந்துரைப்பதன் பழைய வடிவம் அதுவே. அந்த வடிவம் எதனால் நின்றது, எதனால் சரிந்தது என்பதைச் சொல்ல ஏரியை மட்டும் பார்த்தால் போதாது. ஏரியைக் காத்தவர்களுக்கு அதில் என்ன உரிமை இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

இப்பகுதியில் ஏரி வெட்டியதற்கான எழுத்துச் சான்று கங்கர் காலத்திலிருந்தே கிடைக்கிறது. இன்று நகரின் தென்கிழக்கில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே கிடக்கும் அகரம் என்னும் ஊரின் கல்வெட்டு, ஏறத்தாழ பொ.ஆ. 870ஐச் சேர்ந்தது; இருகமய்யன் என்பவனின் மகன் சிறிமய்யன் இரண்டு ஏரிகளுக்கு மதகு அமைத்து, மூன்றாவது ஏரி ஒன்றையும் வெட்டுவித்ததை அது குறிக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கரின் நாடான கங்கவாடி சோழர் கைக்கு வந்த பின், பெங்களூர்ப் பகுதியில் தமிழ்க் கல்வெட்டுகள் பெருகுகின்றன. மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று வெங்காலூர்ப் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலத்தைத் தானமாகச் சொல்கிறது. ஏரியை வைத்தே நிலத்திற்கு எல்லை சொல்லும் அளவுக்கு அது ஊரறிந்த அடையாளமாக இருந்தது என்பது இதனால் விளங்கும். போசளர் ஆட்சிக்கால விபூதிபுரத்துத் தமிழ்க் கல்வெட்டு (1307) இன்னும் ஒரு படி மேலே போய், காட்டை வெட்டித் திருத்தி, நிலத்தைச் சமன்செய்து, ஊரெழுப்பி, ஏரி தோண்டிய செயல்களை ஒரே முயற்சியின் பகுதிகளாகக் கூறுகிறது. ஊர் முன்னே தோன்றிப் பின்னர் ஏரி வெட்டப்பட்டது என்று நினைப்பதற்கு அங்கு இடமில்லை. ஏரியும் ஊரும் உடன்பிறந்தவை.

சிற்றரசர் கெம்பெகவுடர் 1537இல் கோட்டை கட்டிப் பேட்டையை நிறுவியபோதும் இதே முறையே பின்பற்றப்பட்டது. தர்மாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி முதலிய ஏரிகள் அவர் மரபினரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. நகர வரலாறு எழுதுவோர் இந்த மூன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சலிப்பதில்லை. உண்மையில் இவை, பல நூற்றாண்டுகளாக ஊரார் அமைத்து வந்த ஒரு பின்னலில் பிற்காலத்தில் சேர்ந்த சில கண்ணிகள்தாம்.

அந்தப் பின்னலின் அமைப்பு கவனித்துப் பார்க்கத் தக்கது. ஒரு பள்ளத்தாக்கின் தலையில் உள்ள சிறு குட்டையில் நீர் நிறைந்ததும், மிகுதி நீர் கரையோரம் கல்லால் கட்டிய கலிங்கின் வழியே வழிந்து (இதைக் கன்னடத்தில் கோடி என்பர்) ராஜகாலுவை எனப்படும் பெருவாய்க்காலில் இறங்கி, அடுத்த ஊரின் ஏரியை அடையும். அது நிறைந்து அதற்கடுத்ததை அடையும். இவ்வாறு படிப்படியாக இறங்கும் ஏரித்தொடரில் ஒவ்வோர் ஏரிக்கும் மேலே, உழக்கூடாத மேய்ச்சல் நிலம் இருந்தது. கோமாளம் என்று கன்னட நாட்டு வருவாய்க் கணக்குகளில் குறிக்கப்படும் இந்தப் புல்வெளியும், அதையொட்டி ஊர்ப் பொதுவில் வளர்க்கப்பட்ட குண்டுதோப்பும் மழைநீரின் வேகத்தைத் தணித்து, அது சுமந்து வரும் மண்ணையும் சாணத்தையும் சருகையும் ஏரிக்கு வெளியிலேயே பெரும்பகுதி நிறுத்தின. ஏரியின் நீர்வரவு வாயில் சம்பும் கோரையும் வளர்ந்த சதுப்பாக இருந்தது. அங்கே நீர் தேங்கித் தெளிய, எஞ்சிய சத்துகளைச் செடிகளின் வேர் உறிஞ்சியது. தெளிந்த நீர் ஏரியின் அடியிலும் கரையின் அடியிலும் கசிந்து, கரைக்குக் கீழே வயல் தொடங்கும் இடத்தில் வெட்டப்பட்ட கிணறுகளில் ஊறிற்று. இந்நாட்டின் அடித்தளம் கருங்கல்லும் பட்டைப்பாறையும் ஆகும். அதன் மேற்பகுதி மட்டும் காலப்போக்கில் சிதைந்து, நீரை உறிஞ்சி வைக்கும் நொறுங்கற் படலமாக மாறியிருக்கிறது. கிணறுகள் எட்டியது இந்தப் படலத்தைத்தான். ஏரி நிறையும்போதெல்லாம் புது நீர் இறங்கியதால் அது உப்பேறாமல் இருந்தது.

நீரின் தரம் பற்றி முன்னோர் அறியாதிருந்தனர் என்று சொல்வதற்கில்லை. கடப்பைச் சீமையின் பொருமாமிள்ளையில், விஜயநகர இளவரசர் பாஸ்கர பவதூரர் 1369இல் எழுதுவித்த கல்வெட்டு, நல்ல ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு உறுப்புகளையும் அதற்கு வரக்கூடிய ஆறு குற்றங்களையும் தனித்தனியே எடுத்துரைக்கிறது. இனிய நீர் சுமந்து வரும் ஆறு உறுப்புகளில் ஒன்று. உவர் மண் குற்றங்களில் ஒன்று. இரண்டு நாடுகளின் எல்லையில் ஏரி அமைவதையும் அதே கல்வெட்டு குற்றமாகவே எண்ணுகிறது. ஒரு மாநிலத்தின் கழிவை மற்றொன்றுக்குச் சுமக்கும் தென்பெண்ணையின் இன்றைய நிலையை அறிந்தவர்கள் அந்த இடத்தில் சற்று நின்று படிப்பார்கள்.

ஏரியைக் கட்டுவது ஒரு முறை செய்யும் வேலை. காப்பது ஆண்டுதோறும் செய்யும் வேலை. தொண்டை நாட்டில் உத்தரமேரூர்ச் சபை பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஏரி வாரியம் அமைத்து இதை நடத்தியது போலக் கங்கவாடியில் நிலக்கொடைகள் மூலம் நடத்தினர். ஏரி கட்டியவருக்கோ பழுது பார்த்தவருக்கோ அந்த ஏரியின் கீழேயே வரியில்லாமலோ குறைந்த வரியிலோ விடப்பட்ட நிலம் கொடகி எனவும், பராமரிப்புக்கென்றே ஒதுக்கிய நிலம் பிட்டுவட்டம் எனவும் கல்வெட்டுகளில் வழங்கும். கரைக்கு மண் சுமக்கும் ஏரிவண்டிக்கும் அதை இழுக்கும் எருமைகளுக்கும் செலவுக்கு நிலம் விட்ட செய்திகளும் உண்டு. கோடையில் ஏரி வற்றியதும் அடியில் படிந்த வண்டலை உழவர் வண்டி வண்டியாக அள்ளித் தம் வயலுக்கு எருவாகக் கொண்டுபோயினர். வண்டல் நீங்கியதால் ஏரியின் அடிமண் அடைபடாமல் நீரை உறிஞ்சியது. வயலுக்கும் உரம் கிடைத்தது. தூர்வாருதல் என்பது தனியே பணம் ஒதுக்கிச் செய்யும் பணியாக ஆனது, இந்த வழக்கம் நின்ற பிறகுதான்.

இவ்வமைப்பின் நடுவில் நின்றவர் நீர்கண்டி. கன்னடத்தில் நீருகண்டி எனப்படும் இவர், மதகைத் திறந்து மூடுவதற்கும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் என்பதை முறைவைத்துப் பங்கிடுவதற்கும், கரையில் எலிவளையோ கசிவோ உண்டா என்று மழை இரவில் விளக்கோடு நடந்து பார்ப்பதற்கும் பொறுப்பானவர். தமிழ்நாட்டில் நீர்க்கட்டி என்றும் மடையர் என்றும் சொல்லப்பட்டவர்களுக்கு ஒப்பானவர். மழை பொய்த்த ஆண்டில் எவ்வளவு நீரைப் பாசனத்திற்கு விடுவது, எவ்வளவைக் கிணறுகள் ஊறவும் மாடு குடிக்கவும் ஏரியிலேயே நிறுத்துவது என்பதை ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள், நிறைவேற்றுபவர் இவர். தூம்பின் கல்தூண்களுக்கிடையே செருகிய அடைப்பை எத்தனை விரல் உயர்த்தினால் எந்த வாய்க்கால் கடைமடை வரை நனையும் என்பது ஏட்டில் இல்லாத கணக்கு. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த கணக்கு. களத்துமேட்டில் அவருக்குத் தானியப் பங்கும் ஊழிய மானியமாகச் சிறிது நிலமும் உண்டு. கோலார், பெங்களூர்ச் சீமைகளில் நீர்கண்டிகள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினர். ஊருக்கே நீரைப் பங்கிட்ட அவருடைய கையே ஊர்ப் பொதுக் கிணற்றில் குடம் இறக்கத் தடுக்கப்பட்டது. அவர் குடியிருப்புக்குத் தனிக் கிணறு, பெரும்பாலும் பள்ளத்தில், எல்லாரும் பயன்படுத்திய பின் வடிந்து வரும் நீரில். பழைய நீர் அமைப்பைப் புகழ்வோர் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். நீர் எவ்வளவு தூயதாக இருந்தது என்னும் கேள்விக்கு யாருக்கு என்பதைச் சேர்க்காமல் விடை சொல்ல முடியாது. 1927இல் மஹாட் குளத்தில் அம்பேத்கர் இறங்கி நீர் அருந்தியதே ஒரு போராட்டமாக வேண்டியிருந்த நாடு இது.

கிணறு வெட்டியவர்கள் மண் ஒட்டர்கள், அதாவது தமிழ்நாட்டில் போயர் என்றும் ஒட்டர் என்றும் அறியப்படும் தொழில்மரபினர். சிதைந்த பாறை எங்கே மென்மையாக இறங்குகிறது, ஊற்றுக்கண் எந்தத் திசையில் திறக்கும் என்பதை மண்ணின் நிறத்தைக் கொண்டே கணிக்கும் இவர்கள், பெங்களூரின் புறநகர்களில் இன்றும் திறந்த கிணறுகள் வெட்டித் தூர்வாருகிறார்கள். அண்டையிலுள்ள தும்கூர் மாவட்டத்தில் கிணறுகூட வேண்டாத இடங்கள் இருந்தன: தலபரிகே எனப்படும் அந்த ஊற்றுகள், மேட்டு ஏரியின் கசிவு தாழ்வான நிலத்தில் தானாகவே வெளிவரும் இடங்கள்; அவற்றைச் சுற்றிக் கல் அடுக்கிக் கால்வாய் இழுத்துக் குடிக்கவும் பாய்ச்சவும் பயன்படுத்தினர். பாலாற்றுப் படுகையின் ஊற்றுக்கால்களை அறிந்த வடார்க்காட்டு வாசகருக்கு இது புதிதாக இராது.

பெங்களூரிலேயே தமிழ் வழிவந்த ஒரு சமூகத்தின் வாழ்வு ஏரியையும் கிணற்றையும் நம்பி நின்றது. வன்னிகுல சத்திரியர் எனத் தம்மைக் குறிக்கும் திகளர்கள், சம்பங்கி முதலான ஏரிகளின் கரையில் காய்கறியும் பூவும் கீரையும் பயிரிட்டுப் பேட்டைக்கும் பின்னர் ஆங்கிலேயர் பாளையத்திற்கும் விற்றவர்கள். அவர்களின் கரகத் திருவிழாவில் சம்பங்கி ஏரிக்கு உள்ள இடம் இன்றும் மாறவில்லை; ஏரிதான் மாறி, கண்டீரவா விளையாட்டரங்கமாகிவிட்டது, சடங்கிற்கென ஒரு சிறு குளம் மட்டும் மிச்சம்.

இனி இது சரிந்த கதை. சரிவு வறட்சியினால் வந்ததன்று. ஆட்சி மாற்றத்தினால் தொடங்கியது. மைசூர் நாட்டின் தலைமைப் பொறியாளராயிருந்த ரிச்சர்ட் சாங்கி, 1860களில் எழுதிய அறிக்கையில், 27,269 சதுர மைல் பரப்புள்ள அந்நாட்டில் ஏறத்தாழ 60 சதவீதம் மக்களின் பொறுமையான உழைப்பால் ஏரி அமைப்புக்குள் வந்திருப்பதையும், புதிதாக ஓர் ஏரிக்கு இடம் தேடுவதே அரிது என்பதையும் வியந்து குறித்தார். வியந்த அதே ஆட்சிதான் மானிய நிலங்களை அளந்து வரிக்குள் கொண்டுவந்தது. 1856இல் நிறுவப்பட்ட பொதுப்பணித் துறையின் பொறுப்பில் ஏரிகள் சேர்ந்தன. கொடகி நிலத்தின் வருவாயால் நடந்த பராமரிப்பு, அரசுக் கருவூலத்தின் ஒதுக்கீட்டை எதிர்பார்க்கும் வேலையாயிற்று. 1911இல் மைசூர் அரசு ஏரிப் பஞ்சாயத்துச் சட்டம் இயற்றி, பராமரிப்பை மீண்டும் ஊராரிடம் விட முயன்றது. உரிமை போன பிறகு கடமையை மட்டும் திருப்பிக் கொடுக்கும் சட்டத்திற்கு ஊரில் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. விடுதலைக்குப் பின் 1961இல் வந்த கிராமப் பதவிகள் ஒழிப்புச் சட்டம், பரம்பரை ஊழியங்களை ஒழித்தபோது நீர்கண்டியின் பதவியும் உடன் ஒழிந்தது. சாதியோடு பிணைந்த கட்டாய ஊழியம் போனது நியாயமே. ஆனால் அந்த வேலைக்கு ஊதியம் கொடுத்து வேறொருவரை அமர்த்த வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

நகரம் தன் வழியே வேறு திசையில் போயிற்று. மைசூர் திவான் கே. சேஷாத்ரி ஐயரின் காலத்தில், 1890களில், நகருக்கு வடமேற்கே அர்க்காவதியின் குறுக்கே ஹேசரகட்டா நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்வழிக் குடிநீர் வந்தது. 1933இல் அதே ஆற்றில் திப்பகொண்டனஹள்ளி. 1974இல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மின்விசையால் மேலேற்றப்பட்ட காவிரி. குழாய் வந்தவுடன் நகருக்குள் இருந்த ஏரிகள் தேவையற்ற நிலமாயின. தர்மாம்புதி பேருந்து நிலையமாகியது இப்படித்தான். கோலார் தங்கவயலும் பாலாற்றுப் பேத்தமங்கலா ஏரியின் நீரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வடிகட்டிக் குழாயில் கொண்டுவந்தது. வடார்க்காடு, சேலம் சீமைகளிலிருந்து சுரங்கத்திற்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் குடித்தது அந்நீரையே. ஆனால் ஏரிக்குப் பக்கத்திலேயே இருந்த சிற்றூர்களைத் தேடிக் குழாய் வரவில்லை.

அந்தச் சிற்றூர்களின் பழைய முறை எல்லா வகையிலும் தூயதாக இருந்ததென்று நினைப்பதும் தவறு. படிக்கட்டு இறங்கி நீர் முகக்கும் குளங்களிலும் கிணறுகளிலும் மக்கள் காலை நனைத்ததால் நரம்புச்சிலந்தி நோய் பரவியது; அந்தப் புழு நீரிலுள்ள சிற்றுயிரின் வழியே உடலுக்குள் போய், ஓராண்டு கழித்துத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவது. கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்களில் அது இருந்தது. 1983-84இல் தொடங்கிய தேசியத் திட்டம், படிக்கிணறுகளை மூடியும் இறைகிணறுகளாக மாற்றியும் கைப்பம்பு வைத்தும் அதை ஒழித்தது. கடைசி நோயாளி 1996இல் பதிவானார், 2000இல் இந்தியா அந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆழ்துளைக் கிணறும் கைப்பம்பும் கிராமத்துக்குச் செய்த இந்த நன்மையை மறுக்க முடியாது. சாதிக் கிணற்றின் கட்டுக்கு வெளியே நீர் கிடைக்க வழி செய்ததும் பல ஊர்களில் அந்தக் கைப்பம்புதான்.

தீங்கு அதன் அடுத்த கட்டத்தில் வந்தது. கைப்பம்பு எடுத்தது குடத்தளவு நீர். அதே துளையில் மின்மோட்டார் இறங்கியபோது எடுக்கப்பட்டது வயலளவு நீர். 1980களில் சமூகக் காடு வளர்ப்பு என்ற பெயரில் கோலார், பெங்களூர்ப் புறங்களின் மேய்ச்சல் நிலங்களிலும் மானாவாரி வயல்களிலும் தைலமரம் பரவியது. திப்பு சுல்தானின் நந்திமலைத் தோட்டத்திற்கு 1790 அளவில் விருந்தாளியாக வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் மரம், இருநூறு ஆண்டுகளில் கோமாளங்களின் உரிமையாளராகிவிட்டது. ஏரிக்கு நீரைத் தெளிவித்து அனுப்பிய புல்வெளி போயிற்று. அதன் அடிமண் ஈரத்தை வேர்கள் உறிஞ்சின. அர்க்காவதி வற்றியதற்கு மழைக்குறைவு காரணமன்று, அதன் படுகையின் நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டதும் தைலமரப் பரவலுமே முதன்மைக் காரணங்கள் என்று 2015 அளவில் பெங்களூர் ஆய்வாளர்கள் நிறுவினர். தைலமரம் நடுவதைக் கர்நாடக அரசு 2017இல் தடை செய்தது, நட்டவை நின்றன.

நொறுங்கற் படலம் வறண்டதும் துளைகள் பாறைக்குள் இறங்கின. 1,000 அடிக்கும் கீழே, பாறைப் பிளவுகளில் நீண்ட காலம் தேங்கிக் கிடந்த நீர், கல்லிலுள்ள ஃபுளோரைடைக் கரைத்து வைத்திருந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை அது இருக்கலாம், வேறு வழியில்லாதபோது 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரைத் தொடர்ந்து குடித்த கோலார்க் கிராமங்களில் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை படிந்தது, முதியோரின் மூட்டு இறுகியது. அரசு ஊர்தோறும் எதிர்ச் சவ்வூடுபரவல் கருவிகளை, அதாவது மிக நுண்ணிய சவ்வின் வழியே நீரை அழுத்தி உப்பை நீக்கும் இயந்திரங்களை, அமைத்தது. சில ரூபாய் நாணயத்தைப் போட்டால் 20 லிட்டர் குடம் நிறையும். ஏரிக்கரைக் கிணறு இலவசமாகச் செய்த வடிகட்டலை மின்சாரமும் நாணயமும் செய்கின்றன; கழிக்கப்படும் உப்புநீர் வாசலிலேயே வாய்க்காலில் ஓடுகிறது.

இதே காலத்தில் நகரம் தான் பயன்படுத்திய காவிரி நீரைப் பழைய ராஜகாலுவைகளில் விட்டது. மேற்கே, விருஷபாவதி வழியாக அது பிடதிக்கு அருகே, 1940களில் பாசனத்திற்கென்று கட்டப்பட்ட பைரமங்கலா ஏரியை அடைந்தது. அதன் கீழ் நெல் பயிரிட்டவர்கள், நுரை மிதக்கும் நீரில் விளையக்கூடிய தீவனப்புல்லுக்கும் மல்பெரிக்கும் சிறு மக்காச்சோளத்திற்கும் மாறினார்கள். கிணற்று நீர் குடிக்க உதவாமற்போனது. கிழக்கே பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்குள் இறங்கிய கழிவு, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரைமலையாக எழுந்து தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் படமாகிறது. பெள்ளந்தூர் ஏரியே 2017இலும் 2018இலும் தீப்பிடித்தது. நிலம் ஓரளவு அழுக்கை வடிக்கும். ஒரு நகரத்தின் அழுக்கு முழுவதையும் வடிக்கும் என்று எதிர்பார்த்தது பொறியியலும் அன்று, இயற்கையும் அன்று, வெறும் கைகழுவல்.

அந்தக் கழிவையே திருத்தி ஊர்களுக்குத் திருப்பும் முயற்சியாக, கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் 2018 ஜூன் மாதம் தொடங்கியது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை, இரண்டாம் நிலை சுத்திகரிப்பு செய்யப்பட்ட கழிவுநீரைக் கோலாருக்கு ஏற்றி, 100க்கும் மேற்பட்ட ஏரிகளைத் தொடர் தொடராக நிரப்புவது அதன் நோக்கம். இரண்டாம் நிலை என்பது திடப்பொருளை நீக்கி, நுண்ணுயிர்களைக் கொண்டு கரிமக் கழிவைச் சிதைப்பதோடு நிற்பது. நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துகளையும் நோய்க்கிருமிகளையும் முழுமையாக அகற்றும் மூன்றாம் நிலை அதில் இல்லை. தொடங்கிய சில வாரங்களிலேயே முதல் ஏரியான லட்சுமிசாகரத்தில் நுரை எழ, வழக்கு உயர்நீதிமன்றத்திற்கும் பின்னர் உச்சநீதிமன்றத்திற்கும் சென்றது; நீர் நின்று, மீண்டும் வந்தது. ஏரிகள் நிரம்பின, கைவிடப்பட்ட கிணறுகளில் நீர் ஊறியது, நிலத்தடி மட்டம் உயர்ந்தது. இவற்றை எவரும் மறுப்பதில்லை. ஒரு தலைமுறையாக வறண்ட ஏரியைப் பார்த்து வளர்ந்த ஊரில் கலிங்கில் நீர் வழிவது சிறிய செய்தி அன்று. ஆயினும் கன உலோகமும் மருந்து எச்சமும் மண்ணில் வடிந்துவிடுமா, கிணற்றுக்கும் சேர்ந்தே இறங்குமா என்ற விவசாயிகளின் கேள்விக்கு, மூன்றாம் நிலை சுத்திகரிப்பைச் சேர்ப்பதைத் தவிர நேர்மையான விடை இல்லை.

இந்தக் கேள்விக்கு ஓரளவு வழி காட்டும் இரண்டு ஏரிகள் நகரின் வடக்கே உள்ளன. ஜக்கூர் ஏரியில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிவரும் நீர் முதலில் ஏரியின் தலையில் வளர்க்கப்பட்ட சம்பும் கோரையும் நிறைந்த ஈரநிலத்தில் மெதுவாக நகர்ந்து, அதன் பின்னரே ஏரிக்குள் இறங்குகிறது. பழைய நீர்வரவுச் சதுப்பு செய்த வேலையைத் திட்டமிட்டுச் செய்த அமைப்பு இது. வளர்ந்த சம்பை அவ்வப்போது அறுத்து அகற்றினால்தான் அது உறிஞ்சிய சத்து ஏரியை விட்டு நீங்கும். அறுக்காமல் விட்டால் அழுகி நீருக்கே திரும்பும். தேவனஹள்ளியில், இனிப்பு நீர் ஏரி என்றே பெயர் பெற்ற சிஹிநீரு கெரேக்குச் சுத்திகரித்த நீர் வரத்தொடங்கிய பின், கரையருகே கிடந்த பழைய திறந்த கிணறு தூர்வாரிப் புதுப்பிக்கப்பட்டது. ஏரி நீரை நேரே எடுக்காமல், மண் வடித்த நீரைக் கிணற்றிலிருந்தும் ஆழங்குறைந்த துளைகளிலிருந்தும் எடுத்து, மேலும் சுத்திகரித்துச் சோதித்து ஊருக்குக் குடிநீராக வழங்குகிறார்கள். ஏரி, மண், கிணறு என்ற பழைய வரிசைக்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடம் சேர்ந்திருக்கிறது. நரம்புச்சிலந்தியை மறவாதவர்கள் அந்தச் சேர்க்கையை வரவேற்பார்கள்.

நகரோடு 2007இல் இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்குக் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த அந்த ஊர்கள் பலவற்றுக்கு நடுவிலேயே ஏரி இருந்தது. அதன் பராமரிப்பு எந்த அலுவலகத்துக்கு உரியது என்பதில் மட்டும் தெளிவில்லை. கோலார் ஏரிகளிலும் இதையொத்த நிலைதான். அங்கு வரும் நீர் நிலத்தடிச் செறிவுக்கு மட்டுமே என்பதால் ஏரியில் மோட்டார் வைத்து நேரே இறைப்பது தடுக்கப்பட்டிருக்கிறது, மதகுகளும் திறக்கப்படுவதில்லை. நீர் இறங்குகிறது, ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் அதை ஏற்றுகிறார், வைத்திராதவர் பார்க்கிறார். பங்கிடும் முறையை வகுக்கும் ஊர்க்கூட்டமோ அதை நிறைவேற்றும் நீர்கண்டியோ திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் இடம்பெறவில்லை. நிறைந்த ஏரிகளின் கரையில், பழைய நீர்கண்டிக் குடும்பங்களில் எஞ்சியவர்கள் கூலி வேலைக்குப் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள்.